இன்சார்ஜ் சிஸ்டர் பிறந்த கதை

லண்டன் ஹார்லி தெருவில் சிறிய மருத்துவமனை ஒன்று புது இடத்தில் திறக்கவிருந்தது. வீட்டு ஆசிரியைகளாக வேலை பார்த்து, நோயில் விழுந்து, கவனிக்க ஆளில்லாமல் போன பெண்களுக்கானது. அதன் கண்காணிப்பாளராகப் பொறுப்பேற்க இருந்தவருக்கு வயது 33. கட்டடம் தயாராகும் முன்பே, 1853 ஜூனில், அவர் தனக்கு வேண்டியவற்றை எழுதி அனுப்பினார். ஒவ்வொரு மாடிக்கும் வெந்நீர்க் குழாய் வேண்டும். சமையலறையிலிருந்து சாப்பாட்டை மேலே ஏற்ற ஓர் இயந்திரத் தூக்கி வேண்டும். நோயாளி இழுத்தால், அந்தந்த மாடியில் நர்ஸின் அறை வாசலில் மணி அடிக்க வேண்டும். அந்த மணியில் ஒரு மூடி இருக்க வேண்டும். மணி அடித்ததும் அது திறந்து, அப்படியே நிற்க வேண்டும். நர்ஸ் வந்து பார்க்கும்போது எந்தப் படுக்கையிலிருந்து அழைத்தார்கள் என்பது தெரிய வேண்டும் அல்லவா?

எழுதியவர் ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல். இந்தப் பட்டியலில் மருந்தும் இல்லை, வைத்தியமும் இல்லை. நர்ஸின் நேரம் படிக்கட்டில் கரைந்துவிடாமல் நோயாளியின் பக்கத்தில் செலவாக வேண்டும் என்ற கணக்கு மட்டுமே இருக்கிறது. நோயாளியைக் கவனிக்க வேண்டுமானால், கவனிப்பவரின் வேலையை முதலில் ஒழுங்கு செய்ய வேண்டும். இன்று வார்டுகளில் 'இன்சார்ஜ் சிஸ்டர்' என்று ஒருவர் இருக்கிறாரே, தன் வேலைக்கு மட்டுமல்லாமல் கூட இருக்கும் அத்தனை நர்ஸ்களின் வேலைக்கும் பதில் சொல்கிறவர், அந்தப் பொறுப்பின் விதை இங்கேதான் விழுந்தது.

நம் நர்சிங் கல்லூரிகளில் மேலாண்மைப் பாடத்தை வேறு இடத்திலிருந்து தொடங்குகிறோம். முதலில் ஹென்றி ஃபயோல்: பிரான்சில் சுரங்க நிறுவனம் ஒன்றை நடத்தியவர், திட்டமிடல், அமைத்தல், கட்டளையிடல், ஒருங்கிணைத்தல், கட்டுப்படுத்தல் என்று நிர்வாகத்தை 1916-ல் ஐந்தாகப் பிரித்தவர். அடுத்து, இரும்பாலையில் கடிகாரத்தை வைத்துத் தொழிலாளியின் வேலையை அளந்த ஃபிரெடரிக் டெய்லர். பிறகு 1937-ல் லூதர் குலிக் கொடுத்த முதலெழுத்துச் சூத்திரம். 'டைரக்டிங்', அதாவது வழிநடத்தல், என்றால் என்ன என்று கேட்டால் மாணவி இந்த வரிசையை ஒப்பிப்பார்; மதிப்பெண்ணும் கிடைக்கும். ஃபயோலுக்கு 57 ஆண்டுகள் முன்பே, கூட இருப்பவர்களைக் கொண்டு வேலையை நடத்துவது பற்றி ஒரு நர்ஸ் தனி அத்தியாயமே எழுதிவிட்டார் என்பதை அந்த மாணவிக்கு நாம் சொல்வதில்லை. எனக்கு இதில் உண்மையாகவே வருத்தம் உண்டு. சுரங்கத்திலும் ஆலையிலும் கடன் வாங்கித்தான் நர்சிங் நிர்வாகம் நடக்கிறது என்ற நினைப்பு தவறு. அது வார்டுக்குள்ளேயே பிறந்தது. பிரசவம்தான் ஒரு போர்க்களத்தின் ஓரத்தில் நடந்தது.

1854-ல் கிரிமியப் போரில் காயம்பட்ட பிரிட்டிஷ் வீரர்கள் ஸ்கூட்டாரியில் கேட்பாரற்றுக் கிடப்பதாக 'தி டைம்ஸ்' எழுதியது. இன்றைய இஸ்தான்புல்லில் உஸ்குதார் என்று அழைக்கப்படும் பகுதி அது. போர்த்துறைச் செயலர் சிட்னி ஹெர்பர்ட், தனக்கு நன்கு தெரிந்த நைட்டிங்கேலை அங்கே அனுப்பினார். அக்டோபர் 21 அன்று 38 பெண்களோடு அவர் லண்டனைவிட்டுப் புறப்பட்டார். 10 பேர் கத்தோலிக்கக் கன்னியர். 14 பேர் ஆங்கிலிக்கன் சகோதரி அமைப்புகளைச் சேர்ந்தவர்கள். மீதி 14 பேர் மருத்துவமனைகளில் சம்பளத்துக்கு வேலை பார்த்தவர்கள்.

ஒன்றோடொன்று ஒட்டாத கூட்டம். கன்னியருக்கு மடத்துத் தலைவி சொல்வதே வேதம். சம்பள நர்ஸ்களுக்கோ அப்படிக் கட்டுப்பட்டுப் பழக்கமே இல்லை. வந்த நர்ஸ்களில் ஒருவர், எதற்கும் தயாராகத்தான் வந்தேன், ஆனால் இந்தச் சீருடைத் தொப்பியை மட்டும் என்னால் பொறுத்துக்கொள்ள முடியாது, என் முகத்துக்கு அது பொருந்தவில்லை என்று நைட்டிங்கேலிடமே முறையிட்டார். அந்த முறையீட்டை நைட்டிங்கேல் தன் கடிதம் ஒன்றில் எழுதி வைத்திருக்கிறார். ஆயிரக்கணக்கில் ஆட்கள் செத்துக்கொண்டிருக்கும் இடத்தில் தொப்பிப் பிரச்சினையா என்று நமக்குத் தோன்றலாம். வார்டு நடத்தியவர்களுக்குத் தெரியும், ஆள் நிர்வாகம் என்பதில் பாதி இந்தத் தொப்பிகள்தான்.

நவம்பர் 4 அன்று போய்ச் சேர்ந்தார்கள். ராணுவ மருத்துவர்களுக்கு இவர்கள் வந்ததே பிடிக்கவில்லை. வார்டுகளில் ஆள் போதவில்லை, மருத்துவர்கள் அழைக்கவுமில்லை. அந்த நேரத்தில் நைட்டிங்கேல் எடுத்த முடிவை, நர்சிங் தலைமை பற்றிப் பேசும் யாரும் நிதானமாக யோசித்துப் பார்க்க வேண்டும். மருத்துவர் கேட்கும்வரை ஒரு நர்ஸும் நோயாளியைத் தொடக் கூடாது என்று அவர் சொல்லிவிட்டார். உதவ வந்த பெண்கள், பக்கத்திலேயே முனகல் கேட்டுக்கொண்டிருக்க, உட்கார்ந்து சட்டை தைத்தார்கள், தலையணை தைத்தார்கள். சிலருக்கு ஆத்திரம், சிலருக்கு அழுகை. கல்மனம் படைத்தவள் என்று அவரைப் பற்றி நினைத்தவர்களும் இருந்திருப்பார்கள். ஆனால், ஒருவர் இரக்கத்தில் உள்ளே ஓடியிருந்தால் போதும், மருத்துவர்கள் மொத்தக் குழுவையும் கப்பலேற்றித் திருப்பி அனுப்பியிருப்பார்கள். ஒரு வாரத்துக்குள், இன்கர்மன் சண்டையில் காயம்பட்டவர்கள் கப்பல் கப்பலாக வந்து குவிந்தபோது, மருத்துவர்களே அழைத்தார்கள். அழைக்கப்பட்டு உள்ளே போனதால், பிறகு யாரும் அவர்களை வெளியே தள்ள முடியவில்லை.

இரவு நேர விதியும் அப்படியே. இருட்டிய பிறகு நர்ஸ்கள் வார்டுகளில் இருக்கக் கூடாது என்று கட்டளையிட்டார். தன் பெண்களைப் பற்றி ஒரு அவதூறுகூட எழக் கூடாது என்ற கவலை அதற்குக் காரணம். விளக்கோடு தனியாக நடக்கும் அந்தப் பெண்ணின் படம் உலகம் முழுக்கப் பரவியிருக்கிறது. அவர் ஏன் தனியாக நடந்தார்? மற்றவர்கள் போகக் கூடாது என்று அவரே விதி போட்டிருந்தார். அந்தப் படத்தில் நாம் கருணையை மட்டும் பார்க்கிறோம். எனக்கு அதில் ஒரு டியூட்டி லிஸ்டும் தெரிகிறது.

ஒன்றை மறைக்கக் கூடாது. அவர் போன பிறகும் அந்தக் குளிர்காலத்தில் ஸ்கூட்டாரியில் சாவு குறையவில்லை, ஏறியது. 1855 மார்ச்சில் வந்த சுகாதாரக் குழு, கட்டடத்தின் அடியில் அடைத்துக் கிடந்த சாக்கடையைச் சுத்தம் செய்து, காற்றோட்டத்தைச் சீர்செய்த பிறகுதான் இறப்பு சரசரவென்று இறங்கியது. எவ்வளவு பாசமாகப் பார்த்துக்கொண்டாலும் வடிகால் அடைத்திருந்தால் நோயாளி பிழைக்க மாட்டார் என்பதை நைட்டிங்கேல் அதன்பின் வாழ்நாள் முழுக்க மறக்கவில்லை.

இனி அதிகாரச் சிக்கலுக்கு வருவோம். தான் கேட்காமல் ஒரு நர்ஸையும் அனுப்பக் கூடாது என்பது ஹெர்பர்ட்டோடு அவருக்கு இருந்த உடன்பாடு. ஆனால் டிசம்பரிலேயே மேரி ஸ்டான்லி தலைமையில் 46 பெண்கள் வந்து இறங்கினார்கள். தங்க இடமில்லை, கொடுக்க வேலையில்லை, யார் யாருக்குக் கீழே என்ற தெளிவும் இல்லை. நைட்டிங்கேல் ராஜினாமா செய்வதாக எழுதினார். அந்தக் குழுவில் அன்னை பிரிட்ஜ்மேன் தலைமையில் வந்த அயர்லாந்துக் கன்னியர் தங்கள் தலைவியைத் தவிர வேறு யாருக்கும் கட்டுப்பட மாட்டோம் என்றார்கள். அவர்கள் வேலை தெரியாதவர்கள் அல்ல. அயர்லாந்தில் காலரா நோயாளிகளைப் பார்த்துத் தேறியவர்கள். நைட்டிங்கேல் அவர்களிடம் நடந்துகொண்ட விதம் கடுமையானது, சில இடங்களில் நியாயமற்றது என்றே சொல்வேன். ஆனாலும் அவர் விடாமல் கேட்ட கேள்வி சரியானது: இந்த நர்ஸ் தவறு செய்தால் பதில் சொல்ல வேண்டியவர் யார்? ஒரே வார்டில் இரண்டு தலைமை இருந்தால், தவறு நடக்கிற நாளில் ஒரு தலைமையும் இருக்காது.

அவருடைய நியமனத்திலேயே ஓர் ஓட்டை இருந்தது. துருக்கியில் உள்ள ஆங்கிலேய ராணுவ மருத்துவமனைகளின் பெண் செவிலியர்களுக்கு அவர் கண்காணிப்பாளர் என்று அதில் இருந்தது. கிரிமியா துருக்கியில் இல்லையே! அங்கே தலைமை மருத்துவ அதிகாரியாக இருந்த டாக்டர் ஜான் ஹால் இதைப் பிடித்துக்கொண்டார். பாலக்லாவா மருத்துவமனையில் உனக்கு அதிகாரம் இல்லை என்று கதவடைத்து, அன்னை பிரிட்ஜ்மேனின் கன்னியரை அங்கே வரவழைத்தார். இழுபறி மாதக்கணக்கில் நடந்தது. ராணுவ நர்ஸ்கள் அனைவருக்கும் நைட்டிங்கேலே தலைவர், எந்த நர்ஸையும் அவருடன் கலந்து பேசாமல் இடம் மாற்றக் கூடாது என்ற உத்தரவு கடைசியில் 1856 மார்ச் 16 அன்று வெளியானது. அதே மார்ச் 30-ம் தேதி பாரிசில் சமாதான உடன்படிக்கை கையெழுத்தாகிப் போரே முடிந்துவிட்டது. அதிகாரம் கைக்கு வந்தபோது அதைப் பயன்படுத்த இரண்டு வாரப் போர்தான் மிச்சமிருந்தது. ஆனால் நர்ஸ்களுக்கு ஒரு நர்ஸே தலைவர் என்பது அரசு ஏடுகளில் தெளிவாகப் பதிவானது.

போர் முடிந்து ஊர் திரும்பியவர் 1859-ல் 'நோட்ஸ் ஆன் நர்சிங்' என்ற சின்ன நூலை எழுதினார். அதன் மூன்றாம் அத்தியாயம்தான் நான் முதலில் சொன்னது. அதன் சாரம் இது: நீ இருக்கும்போது செய்வதெல்லாம் சரிதான், நீ இல்லாதபோதும் அதே வேலை நடக்க வழி செய்திருக்கிறாயா? இல்லையென்றால் நீ செய்த எல்லாமே வீண். பொறுப்பேற்பது என்றால் எல்லாவற்றையும் தானே இழுத்துப் போட்டுச் செய்வதல்ல. ஒவ்வொருவரும் தத்தம் வேலையைச் செய்கிறார்களா என்று பார்ப்பது. வெளியே போகும்போது எப்போது திரும்புவாய் என்று நோயாளியிடம் சொல்லிவிட்டுப் போ என்பதுவரை அதில் அறிவுரை உண்டு. 'நான் இல்லாவிட்டால் இந்த வார்டே நடக்காது' என்று பெருமையாகச் சொல்கிறவர்களை நாம் எல்லா மருத்துவமனைகளிலும் பார்க்கிறோம். அந்த அத்தியாயத்தின் கணக்கில் அது பெருமை அல்ல, நிர்வாகத் தோல்வி.

காலை 7 மணிக்கு நம்மூர் வார்டில் நடக்கும் ஹேண்டிங் ஓவரைப் பார்த்தால் இது எவ்வளவு உயிரோடு இருக்கிறது என்று தெரியும். இரவு டியூட்டி முடித்தவர் கண்ணெல்லாம் சிவந்து நிற்பார். வந்தவர் ரிப்போர்ட் புத்தகத்தோடு படுக்கை படுக்கையாகப் போவார். "பதினொண்ணு... ஆறு மணி ஆன்டிபயாட்டிக் போட்டாச்சுக்கா. யூரின் ராத்திரி முழுக்க இருநூறுதான் போயிருக்கு, டியூட்டி டாக்டர்கிட்ட சொல்லியாச்சு, வந்து பார்க்கிறேன்னாரு, இன்னும் வரலை." நல்ல இன்சார்ஜாக இருந்தால் அந்த இடத்தில் நிறுத்துவார். எத்தனை மணிக்குச் சொன்னாய், ரிப்போர்ட்டில் எழுதினாயா, மறுபடி கூப்பிட்டாயா என்று கேட்பார். திட்ட மாட்டார். இரவு வேலை பார்த்த பெண்ணை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, டாக்டரை அவரே போனில் அழைப்பார். பிறகு எமர்ஜென்சி டிராலியைத் திறந்து ஊசி எண்ணி, மார்ஃபின் அலமாரிச் சாவியைக் கைமாற்றி, கையெழுத்து வாங்குவார். கால் மணி நேர வேலை. இதில் ஒரு வரி விட்டுப்போனால், பகல் முழுக்க அந்தப் பதினோராம் படுக்கைக்காரரின் சிறுநீரகம் யார் கவனத்திலும் இருக்காது.

நர்ஸ்களுக்கான பயிற்சிப் பள்ளி 1860-ல் வந்தது. போரின்போது பொதுமக்கள் நைட்டிங்கேல் பெயரில் திரட்டிய நிதியைக் கொண்டு, லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் 15 மாணவிகளோடு தொடங்கினார்கள். நைட்டிங்கேல் அங்கே பாடம் நடத்தவில்லை. மேட்ரன் சாரா வார்ட்ரோப்பர்தான் பள்ளியை நடத்தினார். அவர் ஒரு மருத்துவரின் விதவை. மாதாமாதம் ஒவ்வொரு மாணவி பற்றியும் குறிப்பேட்டில் எழுத வேண்டும்: நேரந்தவறாமை, அமைதி, நம்பகம், சுத்தம் என்று ஒரு பக்கம், கட்டுப் போடுதல், படுக்கை விரித்தல், நோயாளியைக் கவனித்தல் என்று இன்னொரு பக்கம். வார்டை நிர்வகிக்கும் திறனுக்கும் அதில் தனி இடம் இருந்தது. இங்கே படித்தவர்கள் நர்ஸாக மட்டும் போகக் கூடாது, மற்ற மருத்துவமனைகளுக்கு மேட்ரன்களாகப் போய் அங்கே ஆட்களைப் பழக்க வேண்டும் என்பதே திட்டம்.

புது மேட்ரன்கள் போன இடமெல்லாம் சண்டைதான். 1868 மார்ச்சில் லூசி ஆஸ்பர்ன் ஐந்து நர்சிங் சகோதரிகளோடு சிட்னி போய் இறங்கினார். மருத்துவர்களின் எதிர்ப்பு ஒரு பக்கம், கூடவே வந்த சகோதரிகளோடு பிணக்கு இன்னொரு பக்கம். 1873-ல் விசாரணைக் குழு வந்து பார்த்து, அந்த மருத்துவமனையின் சீர்கேட்டுக்கு அவர் காரணமல்ல என்று சொல்லும்வரை அவர் தாக்குப்பிடித்தார். லண்டன் கைஸ் மருத்துவமனையில் 1879-ல் வந்த மேட்ரன் மார்கரெட் பர்ட், நர்ஸ்களை வார்டு வார்டாக மாற்றத் தொடங்கியதும் மருத்துவர்கள் கொதித்தெழுந்தார்கள். நர்ஸை யார் எங்கே போடுவது என்பதுதான் எல்லா இடத்திலும் சண்டையின் மையம். டியூட்டி லிஸ்ட் என்பது சாதாரணக் காகிதமில்லை.

இந்தியாவுக்கும் இந்த முறை ராணுவத்தின் வழியாகவே வந்தது. 1888 மார்ச்சில் பம்பாயில் இறங்கிய பத்து நர்ஸ்களில் ஒருவரான கேத்தரின் லாக், ராணுவ நர்சிங் பணியின் கண்காணிப்பாளராக இருந்தார். சென்னைப் பொது மருத்துவமனையில் அதற்கு முன்பே, 1871-ல், பயிற்சி தொடங்கியிருந்தது. 1905-ல் லக்னோவில் நர்சிங் கண்காணிப்பாளர்கள் சங்கம் கூடியது. அதிலிருந்து 1908-ல் இந்தியப் பயிற்சி பெற்ற செவிலியர் சங்கம் வளர்ந்தது. ஆள் பற்றாக்குறையோ கொடுமையானது. சுகாதாரத் துறையை ஆராய்ந்து 1946-ல் வெளியான போர் (Bhore) குழு அறிக்கையின் கணக்குப்படி நாடு முழுவதற்கும் சுமார் 7,000 நர்ஸ்கள், 43,000 பேருக்கு ஒருவர். அதே 1946-ல் வேலூர் சி.எம்.சி.யிலும் டெல்லியிலும் நர்சிங் பட்டப்படிப்பு தொடங்கியது.

நைட்டிங்கேல் முறையில் பெரிய குறையும் இருந்தது. அது ராணுவத்தின் வாடை அடிக்கும் முறை. மேலிருந்து கட்டளை, கீழே கீழ்ப்படிதல். வசதியான வீட்டுப் பெண்களுக்கு ஒரு வரிசை, உழைக்கும் வீட்டுப் பெண்களுக்கு ஒரு வரிசை என்ற பிரிவும் பள்ளிக்குள்ளேயே வந்தது. கேள்வி கேட்கும் நர்ஸ் அடங்காதவள் என்ற எண்ணம் அங்கிருந்து வந்து நம் ஊர்களிலும் வேர்விட்டது. அதை உடைக்க அடுத்த நூற்றாண்டு ஆனது. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய ஆள் தட்டுப்பாட்டில், கொலம்பியா பல்கலைக்கழக ஆசிரியர் கல்லூரியின் எலினார் லாம்பர்ட்சன், ஒரு பயிற்சி பெற்ற நர்ஸின் கீழ் சிறு குழுவாக வேலை பார்க்கும் முறையை வகுத்தார். 1960-களின் இறுதியில் மின்னசோட்டாவில் மேரி மாந்தேயும் அவருடைய சகாக்களும், ஒரு நோயாளி வந்ததிலிருந்து வீடு போகும்வரை அவருக்கு ஒரே நர்ஸ் பொறுப்பு என்று மாற்றினார்கள். அப்போது தலைமை நர்ஸின் வேலை மாறிப்போனது: முடிவெடுப்பது படுக்கை அருகில் இருக்கும் நர்ஸ், அந்த முடிவுக்கு ஆதரவாக நிற்பது தலைவர்.

1983-ல் அமெரிக்க நர்சிங் அகாடமி வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. நாடெங்கும் நர்ஸ் பஞ்சம், ஆனால் சில மருத்துவமனைகளை விட்டு மட்டும் நர்ஸ்கள் போகவே மாட்டேன் என்கிறார்கள், ஏன்? 163 மருத்துவமனைகளைப் பார்த்து 41-ஐத் தேர்ந்தெடுத்தார்கள். கண்ணில் படுகிற தலைமை, நர்ஸின் பேச்சுக்கு மதிப்பு, டியூட்டி போடுவதில் நெகிழ்வு, தன் வேலையில் தானே முடிவெடுக்கும் உரிமை ஆகியவை அந்த மருத்துவமனைகளில் இருந்தன. காந்த மருத்துவமனைகள் என்று அவற்றுக்குப் பெயர் வைத்தார்கள்.

நம் நிலைமை என்ன? 1987-ல் மத்திய அரசு அமைத்த செவிலியர் உயர்நிலைக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் நம் சென்னையின் சரோஜினி வரதப்பன். நர்ஸ்களை நர்சிங் அல்லாத வேலைகளிலிருந்து விடுவிக்க வேண்டும் என்று அந்தக் குழு அன்றே சொன்னது. இன்றும் பல வார்டுகளில் இன்சார்ஜின் காலைப் பொழுது பெட்ஷீட் எண்ணுவதிலும், இண்டென்ட் எழுதுவதிலும், உடைந்த ஸ்டூலைக் கணக்கிலிருந்து கழிக்க எழுதிப் போடுவதிலும், ஆக்சிஜன் லைன் பார்க்க ஆள் தேடுவதிலும் போகிறது. சீனியாரிட்டி வந்ததும் இன்சார்ஜ். வழிநடத்தப் பழக்கியவர் யாருமில்லை. நேற்றுவரை கூட நின்று டிரெஸ்ஸிங் செய்த தோழிகளுக்கு இன்று லீவு மறுக்க வேண்டும். அந்தச் சங்கடத்தை எப்படிக் கடப்பது என்று யாரும் அவருக்குச் சொல்லித் தருவதில்லை. ஒன்று, கத்தத் தொடங்குகிறார்; இல்லையென்றால் எல்லா வேலையையும் தானே செய்து ஓய்ந்துபோகிறார். இரண்டிலும் நஷ்டம் நோயாளிக்கு.

மருத்துவமனை நடத்துபவர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்து இன்சார்ஜ் ஆகப்போகிற நர்ஸை, ஓய்வு பெறவிருக்கும் இன்சார்ஜோடு ஒரு மாதமாவது சேர்ந்து வேலை பார்க்க விடுங்கள். துணிக் கணக்கையும் நாற்காலிக் கணக்கையும் ஸ்டோரில் ஒருவரிடம் ஒப்படையுங்கள். டியூட்டி லிஸ்ட் போடும் உரிமையை முழுதாக அவரிடம் கொடுங்கள். அந்த லிஸ்ட்டை மாற்றச் சொல்லிச் சிபாரிசு வந்தால், அது வார்டு வரை போகாமல் நீங்களே நிறுத்திவிடுங்கள்.